இரண்டாவது கதிரை

கிளிநொச்சியில் அப்போது எங்களுக்குப் பாதி மைதானந்தான்.
ஒரு கம்பம், ஒரு பலகை, ஒரு வளையம்.
மறுபாதி தொட்டாச்சுருங்கியும் கல்லும்.
ஆறு மாதம் ஒரே பக்கம் எறிந்து பழகிய பிள்ளைகள்
யாழ்ப்பாணத்துக்கு முதல் ஆட்டம் ஆடப்போய்
இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியதை மறந்து
தங்கள் வளையத்துக்குள்ளேயே போட்டார்கள்,
இரண்டு தரம்.
எதிரணி கைதட்டியது.
நான் சனத்துக்குள்ளால் இறங்கி ஓடி
சரியான வளையத்தின் பின்னால் நின்று
கையிலிருந்த கணக்குக் கொப்பியை உயர்த்தி ஆட்டினேன்:
"இஞ்சாலை! இஞ்சாலை!"
நடுவர் விசிலடித்தார். ஆர் நீங்கள் என்றார்.
மரியநாயகம் சேர் திரும்பிக்கூடப் பாராமல்
"என்ர அசிஸ்டன்ற்" என்றார்.
நியமனம் அவ்வளவுதான்.

கடிதம் வர ஒன்பது மாதம் பிடித்தது.
உதவிப் பயிற்றுநர், தற்காலிகம்.
படி ஆறாயிரம், அதுவும் காலாண்டு பிந்தி.
பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் மாவும் சீனியும் எழுதுவேன்.
மூன்றரைக்குப் பிறகு தவறுகள் எழுதுவேன்,
ஐந்தாவதுக்கு ஆள் வெளியே.
இரண்டுக்கும் ஒரே பேனை.

உதவி என்றால் என்னவென்று
பதின்மூன்று வருடமாக ஒருவரும் எழுதித் தரவில்லை.
பந்துக்குக் காற்று. ஊசியை எச்சில் தொட்டுச் செருகுவது.
யாருக்கு வயிற்றுக்குத்து, யார் காலையில் சாப்பிடவில்லை,
யாரின் தகப்பன் இன்றைக்கு வெறியில் வாசலுக்கு வரக்கூடும்.
தோளுக்குள் சன்னத்துண்டோடு வந்த தமயந்தி
இடக்கையால் எறியப் பழகியது
எங்கள் இருவருக்கும் இடையில். அறிக்கையில் இல்லை.
தலைமைப் பயிற்றுநர் கத்தி முடிந்த பிறகு
அதே வசனத்தைத் தணிவாகத் திருப்பிச் சொல்வது.
சிலநேரம் அது அதே வசனமாக இராது.

மரியநாயகம் சேர் கனடா போனார்.
கொழும்பிலிருந்து வந்தவருக்கு எங்கள் வெயிலோடு ஒரு தவணைதான் ஒத்துப்போனது.
மூன்றாமவர் நல்ல மனிதர்,
பலகையில் அம்புக்குறி கீறிக் கீறியே பொழுதுபட்டுவிடும்.
ஒவ்வொரு முறையும் வலயக் கந்தோரில் போய்க் கேட்டேன்.
"உங்களை விட்டா உதவிக்கு ஆர்?" என்றார்கள்,
புகழ்ச்சி போல.
ஒவ்வொரு முறையும் புதியவருக்கு
களஞ்சியத் திறப்பு எதுவென்று காட்டினேன்.

எட்டாம் வருடம் மறுபாதிக்குச் சீமெந்து போட்டார்கள்.
நிறம் பொருந்தவில்லை.
திறப்புவிழாக் கல்லில் ஒன்பது பெயர்.
ஈரம் காயமுதல் குறுக்கே ஓடிய நாயின் காலடி
இன்னமும் இருக்கிறது, மூலைக்கோட்டுக்குப் பக்கத்தில்.

வவுனியாவில் மாகாண அரையிறுதி.
சேர் வந்த பஸ் ஓமந்தையில் ரயர் வெடித்து நின்றுவிட்டது.
முதலாவது கதிரை வெறுமையாக இருந்தது.
நான் அதில் இருக்கவில்லை, துவாயைப் போட்டுவைத்தேன்.
கடைசி நான்கு நிமிடம், மூன்று புள்ளி பின்னால்.
என் கை தானாக எழுந்து இடைநேரம் கேட்டது.
வட்டமாக வந்து குனிந்தன முகங்கள், வியர்வை என் கொப்பியில்.
"பவித்திரா, அவளின்ர இடப்பக்கத்தை விடாதை.
மற்றாக்கள் தண்ணி குடியுங்கோ."
வேறொன்றும் சொல்ல வரவில்லை.

வென்றீர்களா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.
ஒரு புள்ளியால் தோற்றோம்.
ஆனால் அதன்பிறகு
இடப்பக்கத்தால் ஒருத்தியும் போகவில்லை.
படிவத்தில் தலைமைப் பயிற்றுநர் என்ற கோட்டில் ஒப்பமிட்டு
முன்னால் சின்னதாகப் "பதில்" என்று எழுதினேன்.
எழுதச் சொன்னவர் எவருமில்லை.

இந்தத் தைக்கு மற்றக் கடிதம் வந்தது.
துணுக்காய்ப் பக்கம் ஒரு பாடசாலை.
தலைமைப் பயிற்றுநர், நிரந்தரம்.
இவர் இரண்டு தரம் வாசித்தார், சத்தமாக.
நித்திரையிலும் என் விரல்கள் மடங்குகின்றனவாம்,
தவறு எண்ணுகிறேனாம். சொல்லிச் சிரிப்பார்.
அதிபருக்குப் போன் எடுத்தேன்.
படி எவ்வளவு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கத்தான் நினைத்தேன்.
"எத்தனை வளையம் சேர்?" என்று வந்தது வாயில்.
கொஞ்சம் யோசித்தார்.
"இப்போதைக்கு ஒண்டு, மிஸ். மற்றதுக்குக் கம்பம் வந்திட்டுது."

வெண்கட்டி ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.
அந்தப் பக்கத்தில் மதில் ஏதும் இருந்தால்
முதல்நாளே மற்ற வளையத்தைக் கீறவேணும்.